எல்லாம் கேஸ்ட்ரிக்

ரந்தாவ், லாபு, பகாவ் தோட்டங்களில் வயிறு வலித்தால் ஒரே தீர்ப்புதான்: கேஸ்ட்ரிக். டாக்டர் வாய் திறக்குமுன் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிடுவார். முதலில் ஓமத்தண்ணீர், பிறகு குடல் தட்டல். அதற்கும் அடங்காவிட்டால் யாரோ வைத்த செய்வினை.

வயிற்றுப் புண்ணுக்குக் கிருமியே காரணம் என்று நிரூபிக்க, மருத்துவர் பேரி மார்ஷல் 1984-இல் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005-இல் நோபல் பரிசும் வாங்கினார். மலேசியாவில் அந்தக் கிருமி இந்தியர்களிடமே அதிகம் என்கின்றன ஆய்வுகள். (எதிலாவது முதலிடம் வந்தோமே!)

எண்டோஸ்கோபி என்றதும் மாமா பின்வாங்குகிறார்: “குழாய விட்டா உள்ள இருக்கிறதெல்லாம் தெரிஞ்சிடும்லா!” அதற்குத்தானே ஐயா விடுகிறார்கள்?

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரித் தேதி வரும்வரை, பால்வெட்டுக்குப் போகுமுன் வெறும் வயிற்றில் கோப்பி ஓ. காரம் குறைக்கச் சொன்னதால், சம்பலில் மட்டும் ஒரு கரண்டி குறைவு.