கழுத்துக் குழாயும் கணக்கு வாத்தியாரும்

சிறுநீரகம் கைவிட்டதிலிருந்து என் கழுத்தோரம் ஒரு குழாய் தொங்குகிறது. சிவப்பு வாய் வழியே ரத்தம் டயாலிசிஸ் மெஷினுக்குப் போகும், நீல வாய் வழியே திரும்பும். உள்நுனி இதயத்தை ஒட்டி நிற்பதால், வெளியே ஒட்டிய கிருமி உள்ளே நுழைந்தால் நேராக ரத்தத்தில்தான் இறங்கும். இதைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நான்தான் விளக்கினேன். நான் ரிட்டயரான கணக்கு வாத்தியார், சும்மா இருக்க முடியுமா? விளக்கும்போது என் மாஸ்க் தாடையில் கிடந்தது.

குழாயின் மூடியைத் திறக்கும்போது நர்ஸும் நோயாளியும் மாஸ்க் போட்டிருக்க வேண்டும். நோயாளி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். எனக்கோ சரியாக அப்போதுதான் பேச்சு வரும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களின் ரத்தத்திலிருந்து மெத்தனாலை டயாலிசிஸ் எப்படி எடுக்கும் என்று ஒருநாள் பிரசங்கம் தொடங்கினேன். "சார், மொதல்ல வாய மூடுங்க" என்றார் நர்ஸ். என் மாணவர்கள் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

டயாலிசிஸ் முடிந்ததும் குழாயை சலைனால் கழுவி, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் நிரப்பிப் பூட்டுவார்கள். எத்தனை மில்லி என்பது குழாயிலேயே அச்சிட்டிருக்கும். "1.6 எதற்கு, 2 என்று முழு எண்ணாகப் போடுங்களேன்" என்று யோசனை சொன்னேன். கூடினால் மிச்சம் உடம்புக்குள் போய் ரத்தக்கசிவு வரலாம், குறைந்தால் நுனியில் கட்டி உறையும் என்று தசமபுள்ளிப் பாடம் எனக்கே நடந்தது. பிறகு ஒரு கிரகப்பிரவேசச் சாப்பாட்டுக்காக ஒருமுறை டயாலிசிஸுக்கே மட்டம் போட்டேன். அடுத்த தடவை மெஷின் அலறியது. "ஃப்ளோ வரல சார்." அடைப்பைக் கரைக்க மருந்து ஏற்றிக் காத்திருந்தோம்.

வெளியே ஒரு லேபில் ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்கவில்லை என்றபோது, "இதிலேயே எடும்மா" என்று தாராளமாகக் கழுத்தை நீட்டியவனும் நான்தான். டயாலிசிஸ் தவிர வேறெதற்கும் அதைத் திறக்கக் கூடாது. நல்லவேளை, அந்தப் பெண் பயந்துவிட்டாள்.

பொங்கலன்று கழுத்தில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு தலைக்குக் குளித்தேன். நனைந்த கட்டை ஃபேனில் உலர்த்தி, யாரிடமும் சொல்லவில்லை. மெஷினில் போட்ட கொஞ்ச நேரத்தில் கட்டிலே ஆடுகிற குளிர் நடுக்கம். கல்ச்சருக்கு ரத்தம், ஆன்டிபயாட்டிக், மனைவியிடம் வசவு.

பக்கத்துப் படுக்கைக்காரர் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து பஸ் மாறி வருவார். கழுத்துக்குக் கீழேதான் குளிப்பார், கட்டு நனைந்தால் அன்றே வந்துவிடுவார். டாக்டர் சொன்னதும் மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போட்டுக்கொண்டார். தமனியையும் சிரையையும் இணைக்கும் சின்ன அறுவை சிகிச்சை. நான் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை தயாரானதும் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். இப்போது மேகம் அருவியில் தலை நனைக்கிறாராம்.

கிரியேட்டினின் ஏறுகிறது என்று சொல்லப்பட்டவர்கள் இதைப் படித்தால், ஃபிஸ்டுலாவுக்காக அதிகம் புழங்காத கையில் ஊசி குத்த விடாதீர்கள்; அதைப் பற்றி டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். ஃபிஸ்டுலா தயாராக ஒன்றரை, இரண்டு மாதமாவது ஆகும்.