விக்கிரவாண்டி அட்சரேகையில் சொகுசுக் கப்பல்: ஓர் ஆய்வு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, வெப்பமண்டலத் தீவுகளைச் சுற்றிவரும் சிறு சொகுசுக் கப்பல் பயணம் உண்டா என்ற கேள்வியை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் எழுப்பவில்லை. அங்கே கடல் இல்லையே என்று காரணம் சொல்கிறார்கள். இது ஆய்வு மனப்பான்மை ஆகாது. கடல் உள்ள ஊரில் கப்பலைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். இல்லாத ஊரில் எழுதத்தான் ஆய்வாளன் வேண்டும்.

முதலில் புவியியல். வெப்பமண்டலம் என்பது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் இருபத்து மூன்றரை பாகை வரை. அந்த இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள விக்கிரவாண்டி 12 பாகையைச் சற்றே தாண்டி இருக்கிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால், வங்கக்கடலைக் கடந்ததும் அந்தமானின் ஹேவ்லாக் தீவு வருகிறது. 2018 இறுதியில் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். மேற்கே போனால் அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் தாண்டிக் கரீபியன் கடலில் கிரெனடா. அதன் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸும் 12 பாகைக்குச் சற்று மேலேதான். அதற்கு வடக்கே சிதறிக் கிடக்கும் கிரெனடைன்ஸ் தீவுகள், குளிர்காலம் வந்தால் சிறு சொகுசுக் கப்பல்கள் சுற்றிச் சுற்றி வரும் இடம். ஆகவே, விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஃபாஸ்டாக் ஸ்கேன் ஆகாமல் நிற்பவர் அட்சரேகைக் கணக்கில் கிரெனடா துறைமுகத்தில் நிற்பவரே. இரண்டு இடத்திலும் அதே வெயில், அதே வியர்வை, உள்ளே நுழையக் கட்டணம். தீர்க்கரேகையில் மட்டும் ஒரு நூற்று நாற்பது பாகை இடிக்கிறது. அதைப் பின்னால் வரும் ஆய்வாளர்கள் சரிசெய்துகொள்ளட்டும்.

அடுத்து இலக்கியச் சான்று. தமிழில் எதை ஆராய்ந்தாலும் சங்க காலத்தைத் தொட்டுவிட்டு வராவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். நல்லவேளையாக இந்தத் துறையில் தேடி அலைய வேண்டியதில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை 269 அடி, நல்லூர் நத்தத்தனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன், ஊர் கிடங்கில். அந்தக் கிடங்கில் இன்று கிடங்கல் என்ற பெயரோடு திண்டிவனம் நகராட்சிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இந்தப் பாட்டைப் புலவர் கண்ணோடு படித்தவர்கள் ஏராளம். டிராவல்ஸ்காரர் கண்ணோடு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பயணி ஒரு பாணன். அவனுக்கு வழி சொல்பவன் ஏற்கெனவே போய் வந்த இன்னொரு பாணன். போவதற்கு முன் அந்த வழிகாட்டியின் வீட்டு நிலைமை இது: அடுப்படியில் குட்டி போட்ட நாய், பசியில் வாடும் மனைவி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடும் குடும்பம். அவன் சொல்லும் பாதையில் முதல் நிறுத்தம் கடற்கரையிலுள்ள எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கொள்கை. உப்புக்கு வழியில்லாமல் இருந்தவன் உப்பளத்து ஊரை முதல் நிறுத்தமாக வைத்த திட்டமிடலை இன்றைய ஏற்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தக் கரையில் அலை ஒதுக்கிய அகில் கட்டைகள், ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவது போலக் கிடக்கின்றன. மீனவப் பெண்கள் அதை விறகாக எரித்துத்தான் கள் காய்ச்சுகிறார்கள். அகிலை அள்ளி அடுப்பில் வைக்கும் சொகுசை இன்றுவரை எந்தக் கப்பல் நிறுவனமும் விளம்பரத்தில் போட்டதில்லை. கள்ளோடு தொட்டுக்கொள்ளச் சுட்ட குழல்மீன். அடுத்த நிறுத்தம் வேலூர். மரக்காணப் பக்கத்து உப்புவேலூர் என்பார்கள். அங்கே எயினர் வீட்டில் புளிச்சோறும் சுட்ட ஆமான் இறைச்சியும். அதற்கடுத்த ஆமூரில் உழவர் வீட்டில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டுக் குழம்பும். ஊருக்கு ஊர் அந்தந்த நிலத்துச் சமையல். நேற்று வைத்ததை இன்று சுடவைத்துப் போடவில்லை. கடைசியில் கிடங்கில். பொருநருக்கும் புலவருக்கும் அடைக்காத வாசல். உள்ளே போனால் புதுத்துணி, பொன் கிண்ணத்தில் சாப்பாடு. வீமன் எழுதிய சமையல் நூலிலிருந்து வழுவாமல் சமைத்ததாம். அரசன் பக்கத்தில் நின்று தானே பரிமாறுகிறான். கிளம்பும்போது காளை பூட்டிய தேரும் பாகனும். மொத்தத்துக்கும் கட்டணம் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதைக் கிடங்கில் மரபின் தொடர்ச்சியாகக் கொள்ளலாம். பொன் கிண்ணம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

கப்பல் எங்கே என்று கேட்பார்கள். கப்பல் இல்லைதான். ஒரே ஒரு பொருள் குறைகிறது என்பதற்காகக் கருதுகோளைக் கைவிடும் பழக்கம் நம் ஆய்வுலகில் இல்லை.

இனி அளவீடு. சொகுசை எதைக் கொண்டு அளப்பது? மெத்தை, ஏசி, பித்தளைக் கைப்பிடி இவையெல்லாம் மேற்பூச்சு. பயணி ஒருவருக்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதே உண்மையான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் துணிபு. கரீபியனில் ஓடும் சீட்ரீம் என்ற கப்பல்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் பயணிகள் 112 பேர், பணியாளர்கள் 95 பேர். ஏறத்தாழ ஆளுக்கொரு ஆள். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975இல் தந்தை பெரியார் பெயரில் தொடங்கி, இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (விழுப்புரம்) என்று ஓடும் பேருந்தில் ஐம்பது ஐம்பத்தைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். நிற்பவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் வகுத்தல் முடியாது. பணியாளர் இருவர். பாயிண்ட் டு பாயிண்ட் வண்டியாக இருந்தால் கண்டக்டர் ஸ்டாண்டிலேயே டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்வார், பாக்கி ஒருவர். நல்லியக்கோடன் ஒருவனே பரிமாறினான் என்றாலும் அரசன் ஒருவன் எத்தனை பேருக்குச் சமம் என்று கணக்கிடும் வாய்பாடு கிடைக்கவில்லை.

சிறு கப்பலுக்கு இன்னொரு மகிமை உண்டு. பெருங்கப்பல்கள் தண்ணீருக்கு அடியில் ஒன்பது மீட்டர் வரை இறங்கி நிற்கும். சீட்ரீம் போன்றவற்றுக்கு நாலு மீட்டர் சொச்சம் போதும். அதனால் குட்டித் தீவின் குடாவுக்குள்ளும் நுழைந்துவிடும். பெரியது ஆழக்கடலிலேயே நங்கூரம் போட, பயணிகளைச் சின்னப் படகில் ஏற்றிக் கரையில் விடுவார்கள். பக்கத்துப் புதுச்சேரியில் இது கண்ணெதிரே நடந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டீலியா சொகுசுக் கப்பலைப் புதுச்சேரி அரசு உள்ளே விடவில்லை. 2025 ஜூலையில் அது வந்தபோதும் கடலிலேயே நின்றுகொண்டது, ஆட்கள் மட்டும் படகேறிக் கரைக்கு வந்தார்கள்.

திண்டிவனத்துக்காரர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து வரும் பைபாஸ் ரைடர் ஊருக்குள் போகாது. “திண்டிவனம்லாம் மேம்பாலத்துல எறங்கிக்க!” என்று கண்டக்டர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். வண்டி முழுசாக நிற்பதற்குள் பையை முதலில் இறக்கி, பிள்ளையை அடுத்து இறக்கி, தான் கடைசியாக இறங்கும் அந்த வரிசைமுறையைக் கரீபியனில் தனியாகப் பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கீழே ஷேர் ஆட்டோக்கள் காத்திருக்கும். பின்சீட்டில் நாலு பேர், டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், மடியில் மல்லாட்டை மூட்டை. நிலக்கடலை என்று சொல்லாமல் மல்லாட்டை என்றே சொல்வதுதான் இந்த மண்ணுக்கு மரியாதை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டிஎம்வி என்ற முத்திரையோடு நாடெங்கும் போன கடலை ரகங்கள் உண்டு. ஊருக்குள் நின்று போகும் வண்டியில் வந்தால் ஜன்னலோரமே கடை வந்துவிடும்: வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய். கிரெனடைன்ஸில் நடுக்கடலில் நிற்கும் படகுகளை உள்ளூர்க்காரர்கள் தோணியில் தேடி வந்து பழமும் மீனும் விற்பார்கள். இங்கே சில்லறை பாக்கியை வாங்க வண்டியோடு கூடவே ஓடவும் செய்கிறார்கள்.

கடலே இல்லாத ஆய்வு என்ற பழிச்சொல் நீங்க, மெய்யான நீர்வழி ஒன்றையும் காட்டியாக வேண்டும். பக்கிங்காம் கால்வாய் ஆந்திரக் கரையிலிருந்து தெற்கே இறங்கி வந்து மரக்காணத்தில் முடிகிறது. 1806இல் எண்ணூர் பக்கம் தொடங்கிய வேலை. 1877-78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக ஆட்களை இறக்கி வெட்டி இணைத்தார்கள். அன்றைய சென்னை கவர்னரான பக்கிங்காம் கோமகன் பெயரைச் சூட்டினார்கள். வெட்டியவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய தோணிகள் அதில் ஓடின.

அந்தக் கால்வாயில் உல்லாசப் பயணம் போனவர் பாரதிதாசன். 1930களில் நண்பர்களோடு நிலா வெளிச்சத்தில் சென்னையிலிருந்து தோணியேறி மகாபலிபுரம் போனதை ‘மாவலிபுரச் செலவு’ என்று கவிதையாக எழுதியிருக்கிறார். கால்வாய் புதுச்சேரி வரை நீள்வதாக அதில் சொல்கிறார். பொதுப்பணித் துறையோ மரக்காணத்தோடு நிறுத்திவிட்டது. சொந்த ஊர்ப் பாசத்தில் ஒரு முப்பது நாற்பது கிலோமீட்டர் கூடுதலாக வெட்டியதை ஆய்வாளர்கள் மன்னிக்கலாம். ஆனால் அந்தத் தோணியில் அவர் பார்த்த இன்னொன்று நம் அளவுகோலுக்கு முக்கியமானது. கரையில் ஒருவன் தோளில் கயிற்றைப் போட்டுத் தோணியை இழுத்துக்கொண்டு நடக்கிறான். அதைக் காணச் சகிக்கவில்லை என்கிறார் கவிஞர். உல்லாசப் பயணத்தைப் பாடப்போன இடத்தில் கயிற்றைப் பார்த்த கண் அது. சீட்ரீம் வகைக் கப்பல்களின் விளம்பரப் படங்களை நுணுகிப் பார்த்தாயிற்று. நீச்சல்குளம், ஷாம்பெயின், சாய்வு நாற்காலி எல்லாம் இருக்கின்றன, கயிறு தென்படவில்லை. அது கீழ்த்தளத்துக்குப் போய்விட்டது. பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் போய், மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருப்பவர்கள் தோளில் இருக்கிறது.

கழுவேலியைப் பற்றி ஒரு வரி. மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் உவர்நீர் ஏரி, 2021இல் பறவைகள் சரணாலயம் ஆனது. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வெப்பமண்டலத்துக்குக் குளிர்காலச் சுற்றுலா வந்து, சமையல்காரர் இல்லாமல் தானே கொத்தித் தின்றுவிட்டுத் திரும்பிப்போகும் இந்தப் பயணிகளின் பணியாள் விகிதம் பூஜ்யம். வெள்ளத்தில் தீவான ஊர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. 2024இல் ஃபெஞ்சல் புயல் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டிக் கொட்டிய மழை, வீடு இழந்தவர்களின் விஷயம். அதில் கேலிக்கு இடமில்லை.

கடைசியாக, தீவில் இறங்குதல். இரவுப் பேருந்து நெடுஞ்சாலையோர ஹோட்டல் ஒன்றில் ஒதுங்குகிறது. எந்த ஹோட்டல் என்பது ஆய்வுக்குத் தேவையில்லை, எல்லாம் ஒன்றுதான். ஒருவர் வண்டியின் தகரத்தில் கட்டையால் ஓங்கித் தட்டிக்கொண்டே போவார்: “சாப்பாடு, டிபன், காபி, டீ! வண்டி பத்து நிமிசந்தான் நிக்கும்! எறங்குறவங்க எறங்கு!” ஸ்பீக்கரில் பழைய பாட்டு காதைப் பிளக்கும். கல்லில் பரோட்டா அடிக்கும் சத்தம் அதற்குத் தாளம். பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்க்காமலே சில்லறை வாங்குவார். சொகுசுக் கப்பலில் ஒரு நாள் இரவு கேப்டன் பயணிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது மரபு. இங்கே டிரைவரும் கண்டக்டரும் உள்ளே தனி அறைக்குப் போய்விடுவார்கள், நமக்கு அழைப்பு கிடையாது. உள்ளேயிருந்து ஆம்லெட் வாசம் மட்டும் வரும். ஆனால் ஐம்பது பேரைத் தூங்கவிட்டு விடியவிடியக் கண் விழிக்கும் ஒருவருக்கு ஒரு ஆம்லெட் கூடுதலாகப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த இடத்தில்தான் இரண்டு மரபுகளும் பிரிகின்றன. கப்பலுக்குக் குறித்த நேரம் குறித்ததுதான். கரையில் பொம்மை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டால் அது போயே போய்விடும். அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் வந்து சேர வேண்டும். துறைமுக மேடையில் தலைதெறிக்க ஓடுபவர்களைக் கப்பலின் மேல்தட்டிலிருந்து வேடிக்கை பார்ப்பதுகூடப் பொழுதுபோக்கில் சேர்த்தி. பேருந்தில் கண்டக்டர் டார்ச்சை அடித்துக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். “பக்கத்து சீட்டு ஆளு வந்தாச்சா, பாத்துச் சொல்லுங்க.” விசில் அடித்து, வண்டி நகர்ந்து, ரோட்டில் ஏறப்போகும் நேரத்தில் நடுவிலிருந்து ஒரு குரல் வரும்: “ஐயோ, எங்க ஊட்டுக்காரர் இன்னும் ஏறலீங்க!” பிரேக் விழும். பின்சீட்டில் தூங்கியவர்கள் முன்சீட்டில் முட்டிக்கொண்டு விழிப்பார்கள். ஒருத்தர் இறங்கிப் போய்த் தேடுவார். டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்துவார். “ஏம்மா, பத்து நிமிசம்னு சொன்னனா இல்லியா? ஒரு ஆளுக்காவ ஊரையே நிறுத்தி வெப்பியா? இனிமே நிக்காது, விட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன்” என்று கண்டக்டர் சத்தம் போடுவார். படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, டார்ச்சை டீக்கடைப் பக்கம் அடித்துக்கொண்டேதான் இவ்வளவும் சொல்வார்.