தோளைப் பார்த்துப் பேசுங்கள்!

கல்லூரி மாணவர், மதுரை: ராணுவத்தில் எல்லாரையும் விடப் பெரிய பதவி எது?

ஃபீல்டு மார்ஷல். இதுவரை இரண்டே பேர்: 1973இல் மானெக்‌ஷா, 1986இல் கரியப்பா. மற்ற நாளெல்லாம் ஜெனரல்தான் உச்சம். மானெக்‌ஷா ஓய்வுக்குப் பிறகு நம் குன்னூரில்தான் குடியிருந்தார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், தம்பி.

வங்கி ஊழியர், நாகை: கடற்படை கேப்டனும் ராணுவ கேப்டனும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. கடற்படை கேப்டன் ராணுவத்தின் கர்னலுக்குச் சமம். இருவரும் சந்தித்தால் ராணுவ கேப்டன்தான் முதலில் சல்யூட் வைக்க வேண்டும்.

சினிமா ரசிகர், சேலம்: படத்தில் வருகிற ஹீரோ கேப்டனா, மேஜரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாருங்கள், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! முகத்தை விடுங்கள், தோளைப் பாருங்கள். இரண்டு நட்சத்திரம் என்றால் லெப்டினன்ட். மூன்று என்றால் கேப்டன். நட்சத்திரம் போய் சிங்கமுகச் சின்னம் வந்துவிட்டால் மேஜர். சின்னத்தோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்தால் லெப்டினன்ட் கர்னல், இரண்டு கர்னல், மூன்று பிரிகேடியர். வாளும் கோலும் குறுக்கே கிடந்தால் எழுந்து நில்லுங்கள், ஜெனரல் வகையறா வருகிறார்கள். கர்னல் முதல் மேலே எல்லாருக்கும் காலரில் சிவப்புப் பட்டை உண்டு.

இதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனாலும் படத்துக்குப் படம் கேப்டன் தோளில் மேஜர் சின்னம்! அப்புறம் அந்தத் தாடி. ராணுவத்தில் சீக்கியர் தாடி வைப்பார், மற்றவர் காலையில் சவரம் செய்தே ஆகவேண்டும். ஹீரோவுக்குத் தாடி அவசியம் என்றால் கடற்படைக் கதை எழுதுங்கள் டைரக்டர் சார், அங்கே அனுமதி வாங்கி வளர்க்கலாம்.

பெயர் வேண்டாம், ஈரோடு: ராணுவத்தில் சாப்பாடு நன்றாக இருக்குமா?

இருக்கும். அடுத்த கேள்வி.

பள்ளி ஆசிரியை, தேனி: பிளாட்டூன், பட்டாலியன், பிரிகேட்... தலை சுற்றுகிறது. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

மூன்றாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும், டீச்சர். காலாட்படையில் சுமார் பத்துப் பேர் ஒரு செக்‌ஷன், ஹவில்தார் தலைமை. மூன்று செக்‌ஷன் ஒரு பிளாட்டூன். மூன்று பிளாட்டூன் ஒரு கம்பெனி, பெரும்பாலும் மேஜர் கையில். நான்கு கம்பெனியும் துணைப் பிரிவுகளும் சேர்ந்து பட்டாலியன். சுமார் 800 பேர், தலைவர் கர்னல். மறுபடி மூன்று: மூன்று பட்டாலியன் பிரிகேட், மூன்று பிரிகேட் டிவிஷன். அதற்கு மேலே கோர், கமாண்ட். மொத்தம் ஏழு கமாண்ட். தென்னக கமாண்டுக்குத் தலைமையிடம் புனே.

பிளாட்டூனை நடத்துவது யார் என்று சொல்லவில்லையே என்கிறீர்களா? என் அபிமான மனிதருக்காக நிறுத்திவைத்தேன். சுபேதார், நாயப் சுபேதார்! சிப்பாயாகச் சேர்ந்து, நாயக், ஹவில்தார் என்று படிப்படியாக ஏறி வந்தவர்கள். நேற்று பாஸ் ஆகி வந்த லெப்டினன்ட் பதவியில் மேலே. ஆனாலும் இவரை ‘சாப்’ என்றுதான் கூப்பிடுவார். பட்டாலியனுக்கு ஒரே ஒரு சுபேதார் மேஜர். எந்தச் சிப்பாய் வீட்டில் என்ன கவலை என்பது வரை தெரிந்து கர்னலிடம் நேரில் பேசக்கூடியவர் அவர்தான். பிள்ளைகளுக்கு ஜெனரலைப் பற்றி ஒரு வரி சொன்னால், இவரைப் பற்றி நாலு வரி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர், வேலூர்: முப்படையும் சேர்ந்து போரிட வேண்டும் என்கிறார்களே, தனித்தனியாகப் போரிட்டால் என்ன குறை?

ஐயா, 1962இல் சீனாவோடு போர் நடந்தபோது நம் போர் விமானங்களைத் தாக்குதலுக்கு அனுப்பவே இல்லை. காலாட்படை மலையில் தனியாக நின்று மடிந்தது. இதுதான் குறை.

1971ஐப் பாருங்கள். கிழக்கு வங்கத்தில் மேக்னா நதிப் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. நான்காவது கோர் தளபதி சகத் சிங் அதற்காக நின்றுவிடவில்லை. டிசம்பர் 9 இரவு முதல் விமானப் படையின் எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்கள் வீரர்களை நதிக்கு அக்கரையில் கொண்டுபோய் இறக்கின. தெற்கே வங்கக் கடலில் விக்ராந்த் கப்பலின் விமானங்கள் துறைமுகங்களைத் தாக்கிக் கடல் வழியை அடைத்தன. டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணாகதி.

1999 கார்கிலுக்குப் பிறகுதான் இதற்கு நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2001இல் அந்தமானில் முப்படைக்கும் பொதுவான முதல் கமாண்ட் வந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பதவிக்கு 2020 வரை காத்திருந்தோம். முதல் தளபதி பிபின் ராவத், 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். அவர் போய்க்கொண்டிருந்த இடம், மூன்று படை அதிகாரிகளும் ஒரே வகுப்பில் படிக்கும் வெலிங்டன் கல்லூரி. போர் வந்தபின் கைகுலுக்கி அறிமுகம் செய்துகொள்ள நேரமிருக்காது. அந்த வகுப்பறை எனக்கு எந்தப் பீரங்கியையும் விடப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு தாய், விருதுநகர்: பையன் சிப்பாயாக இருக்கிறான். அதிகாரியாக வழி உண்டா?

உண்டு அம்மா. பிளஸ் டூ முடித்து, இரண்டு ஆண்டுப் பணியும் ஆகி, வயது 20க்கும் 27க்கும் நடுவில் இருந்தால் ஆர்மி கேடட் காலேஜ் தேர்வு எழுதலாம். தேர்வானால் டேராடூனில் மூன்று ஆண்டு பட்டப்படிப்பு, பிறகு ஓராண்டு ராணுவ அகாடமிப் பயிற்சி, முடிந்ததும் தோளில் இரண்டு நட்சத்திரம். தேதியும் விதிகளும் அவன் யூனிட் அலுவலகத்தில் கிடைக்கும். இந்த விடுமுறைக்கு வரும்போதே படிக்க உட்காரச் சொல்லுங்கள்.