தராசு அவர்களுக்கு ஒரு பாராட்டு மடல்

சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துத் தராசு அவர்களின் மேலான சமூகத்துக்கு,

2022 ஏப்ரல் 27 அன்று சாங்கி சிறையில் நாகேந்திரன் தர்மலிங்கத்தைத் தூக்கிலிட்டாயிற்று. மே மாதம் முடிவதற்குள், அவருக்காகக் கடைசியில் மனுப்போட்ட இரண்டு வழக்கறிஞர்களும் சேர்ந்து அரசுத் தரப்புக்கு 20,000 வெள்ளி செலவுத்தொகை கட்ட வேண்டுமென்று உத்தரவும் வந்துவிட்டது. நீதிமன்ற நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்தார்களாம். கட்சிக்காரர் போய்ச் சேர்ந்தார், பில் வந்து சேர்ந்தது. இந்த ஒழுங்கைக் கண்டு மெய்சிலிர்த்துப்போன பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதும் மடல் இது. பெரியமனது பண்ணி ஏற்றருள வேண்டும்.

தங்கள் துல்லியம் உலகறிந்தது. 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஈப்போக்காரரான மலேசிய இளைஞர் நாகேந்திரனின் தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த சுத்தமான ஹெராயின் 42.72 கிராம். நாற்பத்து மூன்று என்று முழுசாக்கிச் சொல்லும் சோம்பல் தங்களிடம் கிடையாது. சட்டப்படி 15 கிராமைத் தாண்டினால் தூக்கு. அரசுத் தரப்பு மனமிரங்கினால் குற்றப்பத்திரிகையில் 14.99 கிராம் என்று எழுதிக்கொள்ளும், ஆள் பிழைத்துக்கொள்வான். ஓர் உயிரின் எடை 0.01 கிராம் என்று கண்டுபிடித்த பெருமையும் தங்களையே சேரும்.

2013இல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பொட்டலம் சுமந்த வெறும் கூலி, புலனாய்வுக்குப் பேருதவி செய்தார் என்று அரசுத் தரப்பே சான்றிதழ் கொடுத்தால், ஆயுள் சிறையும் குறைந்தது 15 பிரம்படியும் போதும். (பதினைந்தின் மேல் தங்களுக்கு என்ன பிரியமோ!) பெரிய கையைக் காட்டிக்கொடுத்தால்தானே பேருதவி? யாரையும் தெரியாத கூலிக்குச் சான்றிதழ் ஏது? நாகேந்திரனுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு வழி, மனநிலைக் குறைபாடு. அவருடைய ஐ.க்யூ. 69. இந்த எண்ணுக்குப் பின்னால் தசமம் இல்லாததாலோ என்னவோ, தராசுத் தட்டு அசையவில்லை. அது குறைபாடே அல்ல, ‘எல்லைக்கோட்டு’ அறிவுத்திறன்தான் என்று முடிவாயிற்று. சோதனையிட வந்த அதிகாரிகளிடம் அவர், தான் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர் என்று சொல்லிப் பார்த்தாராம். தொடையில் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு போலீஸிடம் ‘நானும் செக்யூரிட்டிதான்’ என்பது எப்பேர்ப்பட்ட ராஜதந்திரம்! தெளிந்த குற்றப் புத்திக்கு அதுவே அத்தாட்சி என்று ஏற்றுக்கொண்ட தங்கள் கூர்மைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கருணையிலும் தாங்கள் குறைவைக்கவில்லை. 2021 நவம்பர் 10 அன்று தூக்கு என்று தாயாருக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே சிறையிலிருந்து கடிதம் வந்தது. ஆனால், முந்தின நாள் நாகேந்திரனுக்குக் கொரோனா. உடனே மனிதாபிமானம் கருதித் தள்ளிவைத்தீர்கள். காய்ச்சல்காரனைத் தூக்கில் போடக்கூடாது, குணமாக்கிப் போடலாம்.

2022 ஏப்ரல் 26 அன்று அந்தத் தாய் பாஞ்சாலை, வழக்கறிஞர் யாரும் இல்லாமல், தானே நீதிமன்றத்தில் நின்றார். மனு தள்ளுபடி. மகனின் கையைப் பிடித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது, கண்ணாடித் தடுப்பின் இடுக்கு வழியாக. மறுநாள் விடியலில் தூக்கு.

பதின்மூன்று வருடம் வழக்கு நடந்ததே, அந்தப் பொட்டலத்தைக் கட்டிவிட்டவன் எங்கே? அவனை எந்தத் தட்டில் வைத்தீர்கள்? ஒரு தாய் தன் மகனின் உயிருக்குத் தானே வாதாட நேர்ந்ததில் உங்களில் ஒருவருக்காவது வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும், மடலில் சூடு கூடிவிட்டது. தங்களிடம் பேசும்போது பொருளின் எடையைப் பற்றி மட்டும் பேசுவதே மரியாதை.

ஆகவே அடுத்த எடை: 44.96 கிராம், தட்சிணாமூர்த்தி காத்தையா. இவரும் மலேசியத் தமிழர். நாகேந்திரனுக்கு இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 29 அன்று, இவருக்குத் தூக்கு என்று நாள் குறித்திருந்தார்கள். வழக்கறிஞர் கிடைக்காமல் இவரும் தானே வாதாடினார். கைதிகளின் கடிதங்களைச் சிறை நிர்வாகம் அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தான் போட்ட வழக்கு நிலுவையில் இருப்பதைச் சொல்லி, முந்தின நாள் தடை வாங்கிவிட்டார். சட்டம் படிக்காதவர் அந்த முறை தன் கழுத்தைத் தானே காப்பாற்றிக்கொண்டார். அதற்கு எத்தனை வெள்ளி பில் போடுவது என்று தாங்கள் யோசித்திருக்கலாம். 2025இல் அவரையும் தூக்கிலிட்டாயிற்று.

வழக்கறிஞர்கள் ஏன் ஒதுங்குகிறார்கள் என்று தங்களுக்குத் தெரியாததல்ல. மரண தண்டனை மனுவைத் தொட்டால் செலவுத்தொகை வரும் என்றானபின் எந்த வழக்கறிஞர் துணிவார்? இனி ஒரு மரண தண்டனைக் கைதி நீதிமன்றம் ஏறும் நாளில் அவர் பக்கத்தில் ஒரு வழக்கறிஞரை நிற்க விடுங்கள். வழக்கு தோற்றாலும் அந்த வழக்கறிஞர்மேல் அபராதம் போடாதீர்கள்.