பெயரில் என்ன இருக்கிறது?

கேள்வி: கோடி கோடியாகக் கொட்டிக் கார் தயாரிக்கிறவர்கள், பெயர் வைப்பதில் மட்டும் ஏன் கோட்டை விடுகிறார்கள்?

பதில்: சிலரை விதி விடுவதில்லை. டாடா நிறுவனம் 2015 டிசம்பரில் ஒரு சின்னக் காருக்கு ‘ஜிகா’ என்று பெயர் சூட்டியது. அடுத்த சில வாரங்களில் ஜிகா வைரஸ் உலகையே மிரட்டியது. காய்ச்சலின் பெயரில் யார் கார் வாங்குவார்கள்? 2016 பிப்ரவரியிலேயே ‘டியாகோ’ என்று மாற்றினார்கள், வண்டி பிழைத்தது.

ஃபோர்டு கதை வேறு. 1955-இல் தங்கள் புதிய காருக்குப் பெயர் கேட்டு, மரியான் மூர் என்ற பெரிய அமெரிக்கக் கவிஞருக்கே கடிதம் எழுதினார்கள். அவரும் உற்சாகமாக எழுதி அனுப்பினார்: ‘மங்கூஸ் சிவிக்’, ‘யுடோபியன் டர்டில்டாப்’... கீரியும் உண்டு, ஆமையும் உண்டு! விளம்பர நிறுவனமோ ஆயிரக்கணக்கில் பெயர்களைக் குவித்தது. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, ஹென்றி ஃபோர்டின் மறைந்த மகன் எட்செலின் பெயரை வைத்தார்கள். குடும்பத்தாருக்கே அதில் விருப்பமில்லை.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள்; ஆமையை விரட்டியும் இந்தக் கார் உருப்படவில்லை. 1957 செப்டம்பரில் வந்தது, 1959 நவம்பரில் நின்றது. தரக்குறைவு, விலைக் குழப்பம், பொருளாதார மந்தம் என்று காரணங்கள் பல. பழி மட்டும் பெயருக்கு. ‘எட்செல்’ என்றாலே தோல்வி என்றாகிவிட்டது. எனக்கு ஆறாதது இதுதான். எட்செல் ஃபோர்டு அருமையான ரசனைக்காரர். லிங்கன் கான்டினென்டல் என்ற அழகிய கார் அவர் விரும்பிக் கேட்டு உருவானது. அவரை நினைக்க வேண்டுமென்றால் அந்தக் காரைப் பாருங்கள்.