நாலு கம்பி கவிழ்த்த கணக்கு

1957 அக்டோபரில் சோவியத்தின் ஸ்புட்னிக் தலைக்கு மேலே பீப் பீப் என்று கத்திக்கொண்டு போனதிலிருந்து அமெரிக்காவுக்குத் தூக்கம் போயிற்று. பதிலுக்கு டிசம்பரில் கிளம்பிய வான்கார்ட் ராக்கெட் நாலடி எழும்பியது, மனசு மாறியது, அங்கேயே உட்கார்ந்து வெடித்தது. மிச்சமிருந்த மானத்தை 1958 ஜனவரி 31 இரவு காப்பாற்றியது எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோள். அதை உருவாக்கி அனுப்பிய பிக்கரிங், வான் ஆலன், வான் பிரௌன் மூவரும் அதன் மாதிரியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பல்லெல்லாம் தெரிய போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மேலே போன சாமான் அதற்குள் குட்டிக்கரணம் போட ஆரம்பித்திருந்தது.

இரண்டு மீட்டர் நீளம், 14 கிலோ எடை, ஒல்லிக் குழாய். துப்பாக்கிக் குண்டு மாதிரி நீளவாக்கு அச்சில் நிமிடத்துக்கு 750 சுற்று சுழலவிட்டிருந்தார்கள். அப்படிச் சுற்றினால் அசையாது என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர் போட்டது வளையாத, நெளியாத பொருளுக்கு. குழாயின் இடுப்பில் நாலு ஆண்டெனாக் கம்பிகள் துவண்டு ஆடிக்கொண்டிருந்ததை அந்த மகான் பார்க்கவில்லை. பார்த்த பொறியாளர்களோ கம்பிதானே என்று விட்டுவிட்டார்கள்.

கம்பி வளைந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் சூடாகிப் போகும். கோண உந்தமோ வெளியிலிருந்து யாரும் கைவைக்காதவரை குறையாது. உந்தம் அதேதான் இருக்க வேண்டும், ஆற்றல் மட்டும் கரைய வேண்டும் என்றால் ஒரே வழி: நீளவாக்கை விட்டுவிட்டு, தலை காலாகவும் கால் தலையாகவும் சுழல்வது. பூமியை ஒரு சுற்று முடிப்பதற்குள் எக்ஸ்புளோரர் அந்த வழிக்கு வந்துவிட்டது. அதுபாட்டுக்கு இயற்பியல் விதிப்படி ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது.

இந்தக் கூத்தை விளக்கியவர்களில் ஸ்டான்ஃபோர்டின் வானொலி வானியலாளர் பிரேஸ்வெல்லும் அங்கே மாணவராயிருந்த கேரியட்டும் உண்டு. அந்த மாணவர் 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்கே போய்ச் சுற்றிவிட்டு வந்தார்.

பிற்பாடு லிக்கின்ஸ் போன்ற பொறியாளர்கள் உடலின் பெரிய சுழற்சியையும் உறுப்புகளின் சின்னச் சின்ன நெளிவையும் ஒரே சமன்பாட்டுக் கூட்டத்தில் சேர்த்துப் போடும் முறைகளை வகுத்தார்கள். கையால் போட்டு மாளாது. கணினி வந்துதான் பிழைத்தார்கள். சூரியத் தகடுகள் படபடக்கும் இன்றைய செயற்கைக்கோள் எதுவும் அந்தக் கணக்கில் தேறாமல் மேலே போவதில்லை.

குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே எக்ஸ்புளோரர் பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டையையும் கண்டுபிடித்துக் கொடுத்தது. 1970 மார்ச் 31 அன்று பசிபிக் பெருங்கடலுக்கு மேலே எரிந்து போயிற்று.