உயர்திரு சர்வர் அவர்கள் சமூகத்துக்கு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன், கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு) சர்வர் அவர்கள், பள்ளிக் கல்வித் துறை, இருப்பிடம்: மேகம்.

பொருள்: ஆசிரியை ஒருவர் முன் அனுமதியின்றி வகுப்பறைக்குள் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்து அதைக் குழந்தைகளுக்கே காட்டிவிட்டது – தகவல் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பார்வை எங்கும் நிறைந்தது என்பதால் தனியே குறிப்பிடவில்லை.

ஐயா,

இதை இயக்குநருக்கோ செயலாளருக்கோ எழுதாமல் நேரே உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். நீங்கள் இருக்கிறீர்கள். அவர்களே உங்களைக் கேட்டுத்தான் பேசுகிறார்கள். 'சர்வர்ல அப்படித்தாம்மா காட்டுது' என்று ஓர் அதிகாரி சொல்லிவிட்டால் அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது. நெல்லையப்பரிடமாவது நந்தி மறைக்கிறது என்று முறையிடலாம்.

எங்கள் காலத்தில் உங்கள் நாற்காலியில் இருந்தவர் இன்ஸ்பெக்டர். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அவர் வருகிற வாரம் சுவருக்கு வெள்ளையடிப்பு, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு, தலைமையாசிரியருக்கு வயிற்றுப்போக்கு. வந்தார், பார்த்தார், அப்பளக் கட்டோடு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினார் என்றால், அடுத்த வருஷம் வரை எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் யாரும் கிடையாது. பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அந்த ஒழுங்கீனத்தை நீங்கள் ஒழித்துவிட்டீர்கள். தினமும் காலையில் மணியடித்ததும் வந்துவிடுகிறீர்கள். அப்பளமும் கேட்பதில்லை. டேட்டா மட்டும்தான், அதுவும் ஆசிரியர் கைக்காசில்.

2022 ஆகஸ்ட் 1 முதல் வருகைப்பதிவு செயலியில்தான் என்று ஆணை வந்தபோது நான் சாய்வு நாற்காலியில் இருந்தேன். ஆகவே நான் உங்களிடம் பட்டவன் அல்லன், வேடிக்கை பார்த்தவன். பார்த்ததைச் சொல்கிறேன். எதிரே ஒரு குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறது. பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன் டீச்சர்' என்கிறது. ஆனால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது சுற்றி முடிக்கும் வரை குழந்தை வந்ததா இல்லையா என்பது நிச்சயமில்லை. டீச்சர் கையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடுகிறார், சிக்னல் அங்கேதான் இறங்கும் என்பதால். கண்ணால் காண்பதெல்லாம் மாயை என்று வேதாந்திகள் இந்தத் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ நூற்றாண்டாகச் சொல்லியும் எங்கள் மண்டையில் ஏறவில்லை. நீங்கள் ஒரே செயலியில் ஏற்றிவிட்டீர்கள்.

இனி புகார்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஈராசிரியர் பள்ளி ஒன்று. பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் அதற்கென்று தனியாக ஒரு லிங்க் அனுப்பிவிடுவீர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவர் உங்களுக்கு விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால் மற்றவருக்கு ஐந்து வகுப்பு. அந்த டீச்சர் ஒரு மத்தியானம், பழைய மாணவர் ஒருவர் வாங்கித் தந்த புரொஜெக்டரைத் தன் சொந்தப் போனில் சொருகி, ஜன்னலைச் சாத்தி, சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, செயற்கைக்கோள் படத்தில் தாமிரபரணியைக் காட்டியிருக்கிறார்.

பொதிகையில் தொடங்கியிருக்கிறார்கள். காரையாறு அணை, பாபநாசம் தாண்டியதும் அணைக்கட்டுகளை எண்ண ஆரம்பித்தார்களாம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எட்டும் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் கால்வாய் எங்கே பிரிகிறது, எந்தக் குளத்தில் போய் விழுகிறது என்று விரலை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பையன் தன் தாத்தா வயலைக் கண்டுபிடித்துவிட்டான். அது ஆற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஏன் கடைமடை என்கிறார்கள் என்று கேட்டான். 'ஆறு இந்த எடத்துல மட்டும் ஏன் டீச்சர் பச்சையா கெடக்கு?' என்று ஒருத்தி. அமலைச்செடி. அது ஏன் அங்கே மட்டும் மண்டுகிறது என்று அடுத்த கேள்வி. எந்தச் சாக்கடை எங்கே வந்து சேர்கிறது என்பது வரை பேச்சு போயிருக்கிறது. கடைசியில் புன்னக்காயல். ஆறு கடலுக்குள் போகிற இடத்தைப் பார்த்துவிட்டு மூன்றாம் வகுப்புப் பையன், 'திருச்செந்தூர்ல நாங்க குளிச்ச கடலும் இதும் ஒண்ணுதானா?' என்றானாம்.

குற்றம் இதுதான். அந்த நேரத்தில் அந்தப் போன் உங்களுக்குச் சொந்தம். 'எண்ணும் எழுத்தும்' திட்ட மதிப்பீடு பாக்கி இருந்தது. பிள்ளைகளின் உயரம், எடை பாக்கி இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, உங்களுக்குச் சேரவேண்டிய டேட்டாவை அந்த அம்மாள் ஆற்றில் விட்டிருக்கிறார். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் என்பார்கள். அவர் அளக்கவும் இல்லை. எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள், எத்தனை சதவீதம் பேருக்குக் கடல் ஒன்றுதான் என்று புரிந்தது, எதற்கும் பதிவு கிடையாது. ஆதாரமாக ஒரு போட்டோ கூட இல்லை. போன் வேட்டிக்கு எதிரே வேலையாக இருந்ததாம்.

இந்தப் பள்ளத்தாக்கில் இது புதிய குற்றமும் அல்ல என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் மாநில அரசே அறிக்கை வெளியிட்டது. 5,300 வருஷத்துக்கு முன்னால், குறுவள மையத்தில் ஒருநாள் பயிற்சி கூட எடுக்காமல் இரும்பைக் கையில் எடுத்தவர்கள் இவர்கள். பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பீற்றிக்கொள்கிறோமே, அங்கே 1890-ல் ஆஸ்க்வித் என்ற அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். எதிரே பிள்ளை இருந்தது, கண் இல்லை. ஆகவே விரலுக்குப் படிக்க வழி தேட வேண்டியிருந்தது. முதலில் பிள்ளை, அப்புறம் கருவி. அந்தப் பள்ளி இன்னும் நடக்கிறது. இந்த வரிசையை மாற்றிப்போட நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இப்போது முதலில் கருவி வருகிறது, அப்புறம் அதைப் பெற்றுக்கொண்டதற்கான போட்டோ, அப்புறம் நேரமிருந்தால் பிள்ளை.

கருவிக்குக் குறைவைத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. பாடப்புத்தகத்தில் கட்டம் கட்டமாக கியூ.ஆர். கோடு. அப்புறம் மணற்கேணி செயலி. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள். ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள். நான் சொல்ல வருவது, இத்தனை திரையும் பிள்ளையைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டியவை என்பது. ஆனால் அவற்றில் முதலில் வேலை செய்யத் தொடங்குவது மேலே பார்க்கிற திரைதான். பலகை பழுதானால் சரிசெய்ய ஆள் வரும்வரை காத்திருக்கலாம். பலகை பழுதாகிவிட்டது என்ற விவரத்தை மட்டும் இன்றே ஏற்ற வேண்டும்.

விழுப்புரம் மாவட்டம் கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை அன்னபூர்ணா மோகனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2017-ல் நகையை விற்றுத் தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்னணுப் பலகையும் மேசை நாற்காலியும் ஆங்கிலப் புத்தகங்களும் வாங்கிப் போட்டார். பத்திரிகைகள் கொண்டாடின. எனக்கு அவர் மேல் ஒரு வருத்தம்தான். விற்றிருக்கக் கூடாது, கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2021-ல் ஐந்து சவரன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தது. இதுபோன்ற தொலைநோக்கை ஆசிரியர் பயிற்சியில் சேர்த்தால் வகுப்பறைகள் நவீனமாகும், துறைக்கும் செலவில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாத பிள்ளைகளின் பெயரை எழுதி, இருக்கிற பணியிடத்தைக் காப்பாற்றிய வருகைப் பதிவேடுகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆய்வு நாளில் பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கடன் வாங்கிய நிர்வாகங்களையும். அந்தப் பேய்ப் பிள்ளைகளை ஓட்டியதில் உங்களுக்குப் பங்குண்டு. எண்ணுவது தேவை. பேயை எண்ணாமல் விட்டதோடு நிற்காமல், இருக்கிற பிள்ளையை எண்ணுவதையே பாடம் நடத்துவதாக மாற்றிவிட்டீர்களே, அங்கேதான் இடிக்கிறது. உதவித்தொகையும் பஸ் பாஸும் சரியான பிள்ளைக்குப் போக ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எழுத ஓர் எழுத்தரைப் போட்டால் முடிந்தது. எட்டாம் வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுத வேண்டிய அவசரம் அதில் என்ன?

2024-ல் பெற்றோர் செல்பேசி எண்ணைச் சரிபார்க்க ஓ.டி.பி. வாங்கச் சொன்னீர்கள். முக்கூடல் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். அம்மா பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள். பதிவில் உள்ள எண் அப்பாவுடையது, அவர் திருப்பூரில். ஓ.டி.பி. திருப்பூருக்குப் போகிறது. டீச்சர் கூப்பிட்டு, 'அண்ணாச்சி, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க' என்கிறார். அவர் என்ன பேக்கு மனுஷனா? ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்று பேங்கும் போலீஸும் மாறி மாறிச் சொல்லியிருக்கிறார்கள். 'எந்த ஊரு டீச்சர்வே நீ, குரல மாத்திப் பேசுதியோ' என்று வைத்துவிடுகிறார். முப்பது பெற்றோரிடம் திட்டு வாங்கினால் முப்பது எண் சரிபார்க்கப்படும். அப்படி வாங்கிய எண்களுக்கு, பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று ஒரு வரி போனதாக நான் கேள்விப்படவில்லை. எனக்குத்தான் காது மந்தமோ என்னவோ.

மலைக்கு மேலே உங்கள் ஆட்சி கொஞ்சம் தளர்வு. காரையாறு அணைக்கு அந்தப் பக்கம் இஞ்சிக்குழியில் காணி மக்கள் இருக்கிறார்கள். அங்கே போக முதலில் தண்ணீரைக் கடக்க வேண்டும், சிக்னலெல்லாம் பிறகு. மாஞ்சோலையில் 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து மலைநிலத்தை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தேயிலைக் கம்பெனி, 2024-ல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பத் தொடங்கியது. நான்கு தலைமுறை தேயிலை பறித்த குடும்பங்கள் மலையிறங்கின. பள்ளி மாறுகிற பிள்ளையை உங்களிடத்தில் பொதுத் தொகுப்பில் போட வேண்டும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு மலையே இறங்கி வந்ததற்கும், அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து மாறியதற்கும் அங்கே ஒரே பொத்தான்.

2023 டிசம்பர் 17, 18-ஐயும் நினைவூட்ட வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. கரண்ட் போனது, டவர் போனது, பள்ளிக்கூடங்கள் முகாமாயின. அந்த நாட்களில் உங்களைக் கேட்டிருந்தால் கரையோரத்தில் பிள்ளைகளே இல்லை என்றுதான் காட்டியிருப்பீர்கள். ஆனால் எந்த வீட்டு மச்சில் எத்தனை பேர், அதில் கைக்குழந்தை எத்தனை என்பது அந்தந்தத் தெருக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பாஸ்வேர்டு இல்லாமலே.

தண்டனை விஷயத்தில் என் சிபாரிசு: அந்த டீச்சருக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொடுங்கள். அதற்குப் பதில் எழுத அவருக்கு ஒரு பொழுது தேவைப்படும். இப்போதைய நிலையில் அவர் பேனாவும் தாளுமாக உட்கார அது ஒன்றுதான் வழி. அதோடு, உங்களுக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா? எப்போதும் நீங்களே கேட்கிறீர்கள். ஒருமுறை கீழிருந்து கேட்கிறோம், நீங்கள் நிரப்புங்கள். படிவத்தை நானே தயார் செய்திருக்கிறேன்.

ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்றால், எந்த நேரத்தில் எந்த மூன்று வகுப்புகள் ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம் என்பதைக் காலஅட்டவணையுடன் குறிப்பிடவும். வயல் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தும் ஏன் கடைமடை என்று கேட்ட பையனின் கேள்வியை எந்தத் திறனின் கீழ், எந்தக் கட்டத்தில் ஏற்ற வேண்டும் என்று தெரிவிக்கவும். இதுவரை மேலே ஏறிய விவரங்களில் ஏதாவது ஒன்று திரும்பக் கீழே இறங்கி, ஏதாவது ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒரு எழுத்தைக் கற்றுத் தந்ததற்கு ஓர் உதாரணம் தரவும். ஒன்று போதும், புகைப்படம் கட்டாயம். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்', 'இல்லை', 'பொருந்தாது' என மூன்று விடைகள் உண்டு. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் படிவம் முதலிலிருந்து தொடங்கும்.

மிக அவசரம். இன்று மாலை 4 மணிக்குள் முடித்து, ஸ்கிரீன்ஷாட்டை குரூப்பில் பகிரவும். 'சர்வர் பிசி' என்ற காரணம் ஏற்கப்படமாட்டாது.

இப்படிக்கு,
தங்கள் பதிவில் இல்லாத ஒருவன்.